மேகத்துக்கு ஆள் இல்லை

“என் கிளாஸ்ல எல்லாருக்கும் அறிவு கால்லதான் இருக்கு, அக்கா.”

இதைக் கேட்டதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். சிப்பிகாட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். சொன்னவர் இளையவர், மடியில் சார்ட் பேப்பர் சுருள். பக்கத்தில் இருந்தவருக்குப் பாதித் தலை நரைத்திருந்தது.

“என்னம்மா சொல்ற?”

“மழை பாடம். ஒவ்வொருத்தர் அறிவுக்கும் ஏத்த மாதிரி நடத்தணும்னு டிரெய்னிங்ல சொன்னாங்கல்ல. பாடுறவங்களுக்கு மழைப்பாட்டு, வரையறவங்களுக்குப் படம், ஓடியாடுறவங்க மழைத்துளியா பெஞ்சுல இருந்து குதிக்கணும். நேத்து ஒத்திகை வச்சேன். சப் லோக், அத்தனை பேரும் துளியாயிட்டாங்க.”

“குதிக்கச் சொன்னா எந்தப் பிள்ளை மாட்டேங்கும்?”

“தனியா யோசிக்கிற பிள்ளைக்குன்னு ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு மேகமா உக்காரணும். ஒருத்தரும் வரல. நாளைக்கு ஆபீசர் வந்து பார்த்துட்டுதான் என் வேலையை பெர்மனென்ட் பண்ணுவாரு. நாற்காலி காலியா இருந்தா க்யா போலூங்கி, என்னன்னு சொல்லுவேன்?”

“போன வருஷம் என் கிளாஸுக்கு வந்தாரே, அவரா?”

“அவரேதான்.”

“அப்ப அந்த நாற்காலியை அவருக்குப் போடு. என் பாடம் முடியிற வரைக்கும் அவரு கண்ணைத் திறக்கல. முழிச்சதும் ‘பகுத் அச்சா, ரொம்பப் பிரமாதம்’னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு.”

இளையவர் சிரிக்கவில்லை.

“கரண்ட் போய், ஃபேன் நின்னு, அவரு முழிச்சுக்கிட்டா?”

“அதுக்குத்தான் மாதா இருக்காங்க. இறங்கினதும் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திடு.”