நூறு புழு

— வாளி காலியா இருக்கே, மாமா?

— பரவாயில்லையே, கண்ணு நல்லாத்தான் தெரியுது. படிச்ச மாப்பிள்ளை இல்லையா.

— விளையாடாதீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நகராட்சி ஆளுங்க லேபுக்கு வர்றாங்க. நாலு ஜாடி, ஜாடிக்கு இருபத்தஞ்சு கொசுப்புழு. நூறு புழு அள்ளிட்டு வர்றேன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன். நீங்க தொட்டி வெச்சு வளத்தீங்களே ஒரு பட்டாளம், அது என்ன ஆச்சு?

— ரெண்டு நாள் லீவு. வலை சரியா மூடல. எல்லாம் கொசுவாகிப் பறந்துடுச்சு.

— அட என் சிங்கமே! புழுவ வளக்கத் துப்பில்ல, அதக் கொல்ல மருந்து கண்டுபிடிக்கக் கிளம்பியாச்சு.

— மருந்து இல்ல மாமா, எலுமிச்சைப்புல்லுல இருந்து எடுத்த எண்ணெய். கொசு ஒழிக்க நீங்க சாக்கடையில ஊத்தற கழிவு ஆயில் மாதிரி ஊத்தின இடமெல்லாம் கறுப்பா அப்பிக்கிட்டுக் கிடக்காது.

— பெரிய வெங்காயம். சாக்கடைக்கு சென்ட் அடிக்கப் போறாராம். கொசு என்ன கல்யாணத்துக்கா போகுது?

— நாளைக்கு வர்றவங்க புழு சாகறதக் கண்ணால பாத்தாத்தான் சாக்கடையில ஊத்திப் பாக்க அனுமதி. இல்லேன்னா இந்த மாசத்தோட ஆராய்ச்சிய நிறுத்திடுவாங்க. எனக்கு வேலை போயிடும்.

— போகட்டுமே. அதெல்லாம் ஒரு வேலையா? ஜாடி முன்னால உக்காந்து, செத்தது எத்தன, நெளியறது எத்தனன்னு எண்ணிக்கிட்டு! புருஷன் என்ன பண்றார்னு யாராச்சும் கேட்டா எம் பொண்ணு ‘தண்ணி ஆராய்ச்சி’ங்கறா.

— அவளா அப்படிச் சொல்றா?

— நான்தான் சொல்லச் சொன்னேன்.

— திட்டுங்க, வாங்கிக்கிறேன். புழு எங்க? மார்க்கெட்டுக்குப் பின்னாடி சாக்கடையில கரண்டிக்கு அம்பது நெளியும்பீங்களே. அது ஒண்ணுல மட்டும் கழிவு ஆயில் ஊத்தாம எனக்காக விட்டு வெச்சிருக்கறதாச் சொன்னீங்களே?

— காலைலேர்ந்து மூணு தடவ துழாவிட்டேன். ஒண்ணுகூட இல்ல.

— புரிஞ்சுபோச்சு. நான் நாலு பேர் முன்னால அசிங்கப்படணும்னு கழிவு ஆயில ஊத்தித் தீத்துக் கட்டிட்டீங்க.

— வாய அளந்து பேசுங்க, மாப்பிள்ளை. ஊத்தினது நான்தான், இல்லேங்கல. ஆனா புழு செத்தது கழிவு ஆயிலால இல்ல.

— பின்ன?

— உங்க வாசனை எண்ணெய். மாடிப்படிக்கு அடியில அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுல ரெண்டு கேன் எடுத்தேன். சோப்புத் தண்ணியில கலக்கணும்னு சீட்டுல போட்டிருக்காமே, எம் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. முந்தாநாள் கொண்டுபோய் ஊத்தினேன்.

— எதுக்கு மாமா?

— எதுக்கா? உங்க எண்ணெயில குளிச்சு எந்திரிச்ச புழுவையே உயிரோட அள்ளிட்டு வந்து, நாளைக்கு அந்த ஆபீசருங்க முன்னால கொட்டி, இதுதான்யா இவர் படிச்ச லட்சணம்னு காட்டத்தான்.

— காட்ட முடியலையா?

— மறுநாள் விடியக்காலம் போனா, புழுவெல்லாம் செத்து வெள்ளையா மெதக்குது. இன்னிக்குக் கரண்டிய விட்டா வெறும் தண்ணி. முப்பது வருஷமாச் சாக்கடை மேஸ்திரி நான், அந்தத் தண்ணில அடி தெரிஞ்சு பாத்ததில்ல.

— மாமா! ஜாடியும் வேணாம், நூறு புழுவும் வேணாம்! லேபுல ஆயிரம் தடவ காட்டினாலும் இதுக்கு ஈடாகாது. நாளைக்கு அவங்கள நேரா அந்தச் சாக்கடைக்கே கூட்டிட்டு வர்றேன். நீங்க ஊத்தினதையும் பாத்ததையும் சொல்லுங்க, அது போதும்.

— நான் சொல்லணும். முப்பது வருஷமா ஊத்தினவன், அது தேவையில்லாத வேலைன்னு என் வாயாலயே, எங்கிட்ட வேலை பாக்குற பசங்க நிக்கிறப்பவே சொல்லணும்.

— நீங்க வாயே திறக்க வேணாம். அந்தத் தண்ணியக் காட்டினா போதும், பாக்கறவனுக்குப் புரியும்.

— தாராளமாக் கூட்டிட்டு வாங்க. இப்பதான் அது மேல ரெண்டு டிரம் கழிவு ஆயில ஊத்திட்டு வர்றேன்.