நார்த்தை மரத்தில் மூன்று துளைகள்

நார்த்தங்காயையும் எலுமிச்சையையும் ஒன்றென்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் தாளில் 'எலுமிச்சை ஊறுகாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை அடித்துவிடுங்கள். எலுமிச்சை வேறு. மலாய்க்காரர்களின் எலுமிச்சைகளில் லீமாவ் காஸ்தூரி தண்ணீரில் பிழிந்து குடிக்க, லீமாவ் பூருட் தலைக்குத் தேய்க்க. சிவநேசன் சாப்பிட்டது நார்த்தங்காய். அவர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும்போது நாம் தப்பாக எழுதக் கூடாது.

டாக்டர்கள் விஷத்தின் பெயரைக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் மரத்தைச் சொல்லாமல் விஷத்தை மட்டும் சொன்னால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

சிவநேசன் என் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இறந்த பிறகு தனிக்கட்டை. ஏழு வருடத்துக்கு முன்பு நாங்கள் இருவரும் ராசா ஊர் நர்சரிக்குப் போய் ஆளுக்கொரு ஒட்டு நார்த்தங்கன்று வாங்கி வந்தோம். அவருடையது வேலிக்கு அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். என் கன்றில் ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் வந்தது. மேலே இருந்ததைவிட அது வேகமாக வளர்ந்தது. நல்ல ஆரோக்கியம் என்று நினைத்து, சோனியாக இருந்த மேல்கிளையை நானே வெட்டிவிட்டேன். அது காட்டுத் துளிர் என்பது நான்காம் வருடம் காய்த்தபோதுதான் தெரிந்தது. கோலிக்குண்டு அளவு காய், விரல் நீளத்துக்கு முள்.

சிவநேசன் வேலியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, ஒங்க மரத்துல முள்ளு நல்லாக் காய்ச்சிருக்குலா," என்றார். எங்கள் தாமானில் குடியிருக்கும் அத்தனை வீடும் சிரித்தது. என் மனைவி விஜயராணியும் சிரித்தாள். அவள் என்னோடு இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் இல்லை. நானும் சிரித்தேன். மறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்த நேரமும் சிவநேசன் அண்ணன் மரம்தான். அதன் இலை, அதன் வாசம், அதன் காய். விஜயராணி அந்தக் காயைச் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் உலர்த்தி, பாதியை அவருக்கே கொடுப்பாள். காய் அவருடையது, கை இவளுடையது. எனக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் நான் தொடவில்லை.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு சிவநேசன் பால்குடம் எடுக்கப் பத்துமலைக்குப் போனார். விஜயராணியும் கூட்டத்தோடு வேனில் போனாள். நான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செய்த வேலை உங்களுக்குத் தெரியும்: மறுநடவுக்கு முன்னால் கிழட்டுச் செம்பனையில் துளை போட்டு, மரத்தைக் கொல்லும் மருந்து ஊற்றி, மண் உருண்டையால் அடைப்பது. இருபத்திரண்டு வருடம் செய்தேன். எங்களை மேய்க்கும் மண்டோர் என் துளையைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார். சிவநேசனின் நார்த்தை மெல்லிய மரம், அன்றைக்கு மூன்று துளை போதுமாக இருந்தது. உங்கள் அப்பாவும் தோட்டத்துக்காரர் என்றீர்களே, அவர் மரத்தில் மண் உருண்டையைப் பார்த்ததும் நேராக என் வீட்டுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மரம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இலை மஞ்சளாகி, காய்கள் எல்லாம் ஒரே வாரத்தில் உதிர்ந்தன. விஜயராணி கூடை எடுத்துக்கொண்டு போனாள். "வீணாப் போவுதுங்க. ஊறுகாய் போட்டா அண்ணனுக்கு ஒரு வருஷத்துக்கு ஓடும்லா," என்றாள். வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லப் போனால் மூன்று துளையும் வெளியே வரும். அதனால் நறுக்குவதற்கு அரிவாள்மணையை எடுத்துக் கொடுத்தேன்.

ஊறுகாய் சாப்பிட்ட மூன்றாம் நாள் சிவநேசனுக்கு வாய் கசந்தது, குமட்டியது. நம் வீடுகளில் பித்தத்துக்கு என்ன கொடுப்போம்? கஞ்சியும் நார்த்தங்காயும். விஜயராணி இரண்டு வேளையும் கொண்டுபோனாள். குமட்டல் கூடியது. நார்த்தங்காயையும் கூட்டினாள். "கைராசி தங்கச்சி நீ," என்று அவர் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒரு வாரம் இப்படியே போனது. நான் அவர் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மருந்து டின் என் வீட்டு ஸ்டோரில், பழைய பெயின்ட் டின்களுக்குப் பின்னால் இருக்கிறது. லேபிள் கிழியவில்லை, பெயர் தெளிவாகத் தெரியும். டாக்டர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்கும் ஒரு ஆளை அனுப்பினால் நல்லது. நோயாளிக்குப் பணிவிடை செய்த அலைச்சலோ என்னவோ, நேற்றிலிருந்து விஜயராணிக்கும் வாய் கசக்கிறதாம். காலையில் நீங்கள் வந்து என்னைக் கூப்பிட்டபோது தன் கஞ்சிக்கு அதே நார்த்தங்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பிரஷர் உண்டு. "உப்பு ஜாஸ்தி, ஒரு துண்டு போதும்," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மனைவிமேல் அக்கறை இல்லாதவன் அப்படிச் சொல்வானா?