ஜேசன் வாங்கிய தொண்ணூற்றாறு

— தொண்ணூத்தாறு! தொண்ணூத்தாறு மார்க் வாங்கச் சொல்லி உன்கிட்ட எவன் கேட்டான் பிளஸ்ஸி?

— பாஸ் பண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க ஜேசன்?

— பாஸுன்னா அறுபது! அறுபது வாங்கறவனை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். பாஸ்வேர்டைக் குடுத்தேன். 'அடுத்து'ன்னு பட்டன் வரும், வர வர அமுக்கிட்டே போ, கடைசில சர்டிஃபிகேட் வரும், எடுத்து வைன்னேன். இதுல உனக்கு என்ன புரியல?

— அமுக்கினேனே. முதல் பாடம் முழுக்கக் கண்ணை மூடிட்டு அமுக்கினேன். ரெண்டாவது பாடத்துல அந்த ரோபோ கையைக் காட்டினாங்க. நல்லா ஓடிட்டிருந்தது, நேரா நீட்டினதும் திக்கித் திக்கி நின்னுடுச்சு. ஏன் நிக்குதுன்னு தோணுச்சு.

— தோணுச்சா?

— தோணுச்சு.

— பதிமூணு வருஷமா சிங்கப்பெருமாள் கோவில் ஃபேக்டரில வெல்டிங் எஞ்சினியரா குப்பை கொட்டறேன். எனக்கு ஒரு நாளும் ஏன்னு தோணினதில்ல. வீட்ல குக்கர் வைக்கறவளுக்கு எதுக்குத் தோணுது?

— அதைத்தான் நானும் யோசிக்கறேன். பதிமூணு வருஷமா உங்களுக்கு எப்படித் தோணாம இருந்துச்சு?

— வாயை மூடு!

— உள்ள வரலாமோ? கதவு திறந்திருந்தது. உறை ஊத்த ஒரு கரண்டி தயிர் வேணும். நான் ஒண்ணும் கேக்கலை, தொண்ணூத்தாறுங்கறது மட்டும் லிஃப்ட் வரைக்கும் வந்துது.

— வாங்க ஜெயஸ்ரீ மாமி.

— மாமி, அப்புறமா வர்றீங்களா? குடும்ப விஷயம் பேசிட்டிருக்கோம்.

— பேசுங்கோ ஜேசன், நான் என்ன குறுக்கவா நிக்கறேன்? இந்த சோபா ஓரத்துல உக்காந்துக்கறேன். யாருக்குத் தொண்ணூத்தாறு? எதுல?

— நான் சொல்றேன் மாமி. இவர் கம்பெனிக்குப் புதுசா வெல்டிங் ரோபோ வருது. பன்னெண்டு எஞ்சினியரும் ஆன்லைன்ல நாற்பது மணி நேரம் படிச்சுப் பரீட்சை எழுதணும்னாங்க. இவர் வேலைக்குப் போயிட்டார். இவர் பேர்ல நான் படிச்சேன்.

— இவ்வளவுதானா! இது ஊர்ல இல்லாததா? எங்காத்து ஸ்ரீநிவாசராகவனுக்கு ஆபீஸ்ல தீயணைப்புப் பாடம் வந்தப்போ எங்க பையன்தான் அமுக்கினான், எட்டாங்கிளாஸ் படிச்சுண்டிருந்தான். மனுஷருக்கு சர்டிஃபிகேட்டும் வந்துது. இன்னிக்கு வரைக்கும் கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினா அணையும்னு என்னைத்தான் கேப்பார்.

— பாத்தியா? எல்லார் வீட்லயும் இதுதான் நடக்குது. ஆனா எவன் பொண்டாட்டியும் தொண்ணூத்தாறு வாங்கல! இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா மாமி? ஃபேக்டரி பெரியவர், கஸ்தூரிரங்கன் சார், என்னைக் கூப்பிட்டார். 'திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு ட்ரெயினிங் ஹாலுக்கு வந்துடுங்க ஜேசன், மத்த பதினொரு பேரும் இருப்பாங்க, அந்தத் தொண்ணூத்தாறு எப்படி வந்ததுன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்'னார். கை வேற குடுத்தார். சிரிச்சார்.

— அட, ப்ரமோஷன் மாதிரின்னா இருக்கு! இதுக்கா இந்தக் கத்து?

— என்ன ப்ரமோஷன்? எந்தப் பட்டனை அமுக்கினா எது ஆடும்னு எனக்குத் தெரியாது மாமி! பதினொரு பேர் முன்னாடி வாயைத் திறந்தா மானம் போயிடும். ஏமாத்தினேன்னு வேலையும் போயிடும். இந்த வீட்டு லோன், கார் லோன், எல்லாம் பேஜாரு.

— போகாது. இப்பவே சாருக்கு ஒரு போன் போடுங்க. 'படிச்சது நான் இல்ல சார், என் மனைவி'ன்னு ஒரு வரி சொல்லுங்க. முடிஞ்சுது.

— லூசா நீ? எவனாவது தன் கழுத்துல தானே கத்தி வெச்சுப்பானா?

— இன்னிக்கே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்னு சொல்றேன்.

— மரியாதை! என் மரியாதையைக் கெடுத்ததே நீதான். மாமி, மார்க்கோட நிக்கல இவ. பாடத்துக்குக் கீழ 'சந்தேகம் இருந்தால் கேட்கவும்'னு ஒரு பெட்டி இருக்கும். அது அழகுக்கு வெச்சது. எந்தக் கம்பெனிலயும் எவனும் அதுல எதுவும் எழுத மாட்டான். இவ என் பேர்ல நாற்பத்தோரு கேள்வி கேட்டிருக்கா!

— நாற்பத்தொண்ணா? அப்படி என்னடிம்மா கேட்டே?

— முதல்ல அந்தக் கை ஏன் நிக்குதுன்னு கேட்டேன் மாமி. மணிக்கட்டுல இருக்கற ரெண்டு மூட்டும் ஒரே கோட்டுல வந்துட்டா, இதைத் திருப்பறதா அதைத் திருப்பறதான்னு அதுக்குக் கணக்கு வராதாம். ரெண்டும் ஒண்ணுதானே, குழம்பிப்போய் நின்னுடுமாம்.

— நானும் எங்க மாமியாரும் ஒரே சமயத்துல கூப்பிட்டா எங்காத்துக்காரர் கூடத்துல நிப்பாரே, அந்த மாதிரி.

— அதேதான் மாமி!

— என் வேலை போகப்போகுது, இங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டிருக்கீங்க!

— சிரிக்கலை ஜேசன், தெரிஞ்சுண்டேன். அப்புறம் என்ன கேட்டே?

— ஃபேனைப் பத்திக் கேட்டேன்.

— எந்த ஃபேன்? ஏய், எந்த ஃபேன்?

— உங்க ஃபேக்டரி ஃபேன். ரெண்டு வருஷமா தினம் வந்து புலம்புவீங்கல்ல, கார் சீட் ஃபிரேம்ல வெல்டிங் ஓட்டை ஓட்டையா வருது, மத்தியான ஷிஃப்ட்லதான் அதிகமா வருது, மேல இருக்கறவன் திட்டறான்னு? ஆறாவது பாடத்துல, பத்த வைக்கற இடத்தைச் சுத்தி ஒரு கேஸ் போகும், அதுதான் வெளிக்காத்து உள்ள வராம காக்கும்னு போட்டிருந்தது. அப்ப எனக்குத் தோணுச்சு. மத்தியானத்துல வெக்கை தாங்காம எல்லாரும் பெரிய ஃபேனைத் திருப்பி வெச்சுக்குவாங்களே, அந்தக் காத்து இந்த கேஸை ஊதித் தள்ளிடாதான்னு. 'இதை உங்க ஃபேக்டரிக்கே அனுப்பறேன்'னு பதில் வந்தது.

— அடி சமத்தே!

— நீயா? வெல்டிங்கைச் சுத்தித் திரையெல்லாம் கட்டி, ஃபேனைப் பிடுங்கினது உன்னாலயா? ஒரு மாசமா அங்க ஒவ்வொருத்தனும் வேர்த்து ஊத்திட்டு நிக்கறான்! எந்த முட்டாள் குடுத்த ஐடியாடா இதுன்னு கேன்டீன்ல நானே மேஜையைத் தட்டித் திட்டினேன்!

— அதுக்கப்புறம் ஓட்டை விழுந்துச்சா?

— விழல.

— ஒண்ணுகூட?

— விழலன்னு சொல்றேன்ல! அதுக்காக? ஏன் ஓட்டை நின்னுச்சுன்னு எவனாவது கேட்டானா? நிக்குது, சம்பளம் வருது, வீட்டுக்குப் போறோம்.

— ஏன் நின்னுச்சுன்னு கேட்டிருந்தா, நீங்க திட்டினது உங்களையேதான்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். கேள்விக்குக் கீழ உங்க பேர்தானே இருக்கு.

— நக்கலு! இந்த நக்கல் எல்லாம் அந்தப் படிப்பால வந்தது. இதோ பாரு, காலேஜ் கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ஹாஸ்டல் மாடியிலேருந்து நோட்டையெல்லாம் கிழிச்சுக் கீழ போட்டவன் நான். நாலு வருஷம் படிச்சாச்சு, இனிமே ஒரு பக்கம் புரட்ட மாட்டேன்னு கத்தினேன். எல்லாரும் கை தட்டினாங்க.

— அப்ப தட்டினவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?

— எங்க கம்பெனிலதான். மூணு பேர். ஏன்?

— சும்மா கேட்டேன்.

— மறுபடியும் கேள்வி! மாமி, இவகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. டிகிரி முடிச்ச பொம்பளை, பையன் ஸ்கூலுக்குப் போனதும் டிவி பார்க்கலாம், தூங்கலாம், உங்ககிட்ட வந்து ஊர் வம்பு பேசலாம். யார் வேண்டாம்னாங்க?

— எங்கிட்ட ரெண்டு மாசமா வரலையே! நான்கூட அபார்ட்மென்ட் மீட்டிங்ல ஏதோ சொல்லிட்டேன், அதுல கோபம்னு நினைச்சுண்டேன். மூணாம் மாடி பூரா அப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்ப அத்தனை பேர்கிட்டயும் மாத்திச் சொல்லணும்.

— மாமி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தாம்பரத்துல மூணு வருஷம் ஃபிசிக்ஸ் படிச்சேன் நான். கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னால பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்னு அச்சடிச்சாங்க. அதுக்கப்புறம் இந்த வீட்ல அந்த வார்த்தையை யாரும் சொன்னதே இல்ல. ஒரு தடவை, மிக்ஸி ஏன் சூடாகுதுன்னு இவர்கிட்ட கேட்டேன். 'புதுசு வாங்கிக்கலாம்'னார். ஃப்ளைட் இறங்கறப்போ றெக்கை ஏன் பின்னால விரியுதுன்னு கேட்டேன். 'உனக்கெதுக்கு'ன்னார். மொட்டை மாடில பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு தலை மேல போகுது மாமி. பார்க்கறேன், கேட்கக் கூடாதா?

— கேட்டுட்டு என்ன பண்ணப் போற? ஓட்டப் போறியா?

— அதைத்தான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொன்னீங்க. அந்தப் பெட்டியில இருந்த ஆள் அப்படிச் சொல்லல. முகம்கூடத் தெரியாது. 'நல்ல கேள்வி'ன்னு ஆரம்பிச்சு நாலு பத்தி பதில் எழுதினார். அதுக்கும் மேல, 'நன்றி ஜேசன்'னு முடிப்பார். நாற்பத்தோரு தடவை 'நன்றி ஜேசன்'. வயிறு எரியும் எனக்கு.

— பேரு என்னோடதா இருந்தா என்ன? நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே?

— அப்படியா? அப்ப திங்கக்கிழமை மானம் போனா அதுவும் குடும்பத்துக்குப் பொதுதானே? ஏன் கத்தறீங்க?

— பாயிண்ட்டைப் பிடிச்சுட்டா ஜேசன்.

— மாமி, தயிர் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. எடுத்துட்டுக் கிளம்புங்க!

— அவசரம் ஒண்ணும் இல்லை. பால் இன்னும் காயவே இல்லை.

— சரி பிளஸ்ஸி, நடந்தது நடந்துடுச்சு. இன்னொரு விஷயமும் இருக்கு. பொழிச்சலூர்ல அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். அம்மா சர்ச்சுக்கு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் எழுதிட்டாங்க. நாளைக்கு ஆராதனைல வாசிப்பாங்க.

— என்னன்னு வாசிப்பாங்க?

— 'மகன் ஜேசன் தேர்வில் முதலிடம் பெற்றதற்காக, ரத்தினபாய் குடும்பத்தார்'னு.

— ஆண்டவர் முன்னாடியே பொய்யா? அதுவும் மைக்ல?

— அம்மாவுக்கு என்ன தெரியும்? சந்தோஷப்பட்டாங்க. ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப நான் சாருக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னா, அம்மா சர்ச்ல தலை காட்ட முடியுமா?

— அப்ப உங்க அம்மா தலை காட்டறதுக்காக நான் தலையைக் குனிஞ்சுக்கணும்.

— யாரு உன்னைக் குனியச் சொன்னா? உனக்கு ஒரு நல்ல புடவை வாங்கித் தர்றேன். ரெண்டு வாங்கிக்கோ.

— அப்படிப் பேசப்படாது ஜேசன். புடவைக்கா அவ படிச்சா?

— வேற என்னதான் மாமி வேணும் இவளுக்கு?

— அவளைக் கேளுங்கோ. பக்கத்துலதானே நிக்கறா.

— சரி, கேக்கறேன். என்ன வேணும் பிளஸ்ஸி?

— இப்ப சொன்னேனே. போன் பண்ணுங்க.

— அது நடக்காது. கேளு, நான் வழி யோசிச்சு வெச்சிருக்கேன். திங்கக்கிழமை காதுல ஹெட்செட் மாட்டிக்கறேன், சின்னது, முடிக்குள்ள தெரியாது. நீ இங்க லேப்டாப் முன்னாடி உக்காந்துக்கோ. நீ சொல்லச் சொல்ல நான் அப்படியே சொல்லிடறேன்.

— சாஸ்திரிகள் மந்திரம் சொல்லச் சொல்ல நாம திருப்பிச் சொல்ற மாதிரி. ஆனா ஜேசன், நடுவுல எவனாவது கேள்வி கேட்டா?

— எவன் கேக்கப் போறான்? பதினொரு பேரும் என்னை மாதிரிதான்.

— பெருமையா வேற சொல்றீங்க!

— பெருமைதான்! பிழைக்கத் தெரிஞ்சவங்க நாங்க. என்ன சொல்ற? ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும். மூணே மணி நேரம். எனக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?

— நாற்பது மணி நேரம் செஞ்சேனே.

— அதோட இதையும் செஞ்சுடு.

— முடியாது. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன்.

— எங்க போற?

— கடைசியா கேக்கறேன் ஜேசன். மாமி சாட்சி. சாருக்குப் போன் பண்ணுவீங்களா, மாட்டீங்களா?

— மாட்டேன். செத்தாலும் மாட்டேன். பாஸ்வேர்டு என்னோடது, பேரு என்னோடது, அப்ப மார்க்கும் என்னோடதுதான். போதுமா?

— போதும். நேத்து மத்தியானம் கஸ்தூரிரங்கன் சார் எனக்குப் போன் பண்ணினார்.

— உனக்கா? உன் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும்?

— அவசரத்துக்குன்னு ஆபீஸ்ல என் நம்பரைத்தானே குடுத்திருக்கீங்க. கேள்வி வந்த நேரமெல்லாம் பார்த்தாராம். ஒவ்வொரு தடவையும் நீங்க ஃபேக்டரில அவர் கண்ணு முன்னாடி நின்னுட்டிருந்தீங்களாம். 'கேக்கறது யாரும்மா'ன்னார். நான்தான்னேன்.

— ஐயோ.

— ஐயையோ! மேல சொல்லு, மேல சொல்லு.

— எல்லா வீட்லயும் வேற யாரோதான் அமுக்கினாங்கன்னு அவருக்குத் தெரியுமாம் மாமி. கேள்வி கேட்டது இந்த வீடு மட்டும்தானாம்.

— அப்ப இன்னிக்கு எனக்குக் கை குடுத்துச் சிரிச்சாரே, அது எதுக்கு?

— நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பார்க்க. 'சனிக்கிழமை ராத்திரிக்குள்ள ஜேசன் அவரா உண்மையைச் சொல்லிட்டா, திங்கக்கிழமை உங்க ரெண்டு பேரையும் சேர்த்தே நிக்க வைக்கறேன்மா'ன்னார். அதுக்குத்தான் நீங்க வந்ததுலேருந்து உங்களைக் கெஞ்சிட்டிருந்தேன்.

— சொல்லலேன்னா?

— பாடம் நான் தனியா எடுக்கறேன், உங்களுக்கு முதல் வரிசையில நாற்காலி போட்டிருக்காங்க, மறக்காம ஒரு நோட்டு எடுத்துட்டு வாங்க.