டேக் ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறது, மேடம். பேரிங் தேய்ந்திருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். எந்த அறைக்குள் போனாலும் அங்கே என்ன சத்தம் இருக்கிறது என்பதுதான் முதலில் படும்.

என் பெயர் குமரகுருபரன். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் இருந்த வயலை விற்று அதை அமைத்துக் கொடுத்தார். வக்கீலாக வேண்டிய பிள்ளை பாட்டுக்குப் போய்விட்டான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டேதான் கொடுத்தார். பிறகு ஒரு கோயில் கொடை விழாவில் என் பாட்டு ஒலிபெருக்கியில் வந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம பய போட்ட பாட்டாக்கும்" என்றாராம். அதற்குப் பிறகு புலம்பவில்லை. பெயர் என்பது எங்கள் வீட்டில் லேசான காரியமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் எல்லாச் சாமிக்கும் பாட்டு உண்டு. சுடலைமாடனுக்குப் போட்டிருக்கிறோம், ராதாபுரம் பக்கத்து ஆட்கள் மாதா பாட்டுக்கு வருவார்கள், மேலப்பாளையத்திலிருந்து நபிபுகழ் பாட வருவார்கள். முன்பு கேசட், அப்புறம் சிடி. இப்போது யூடியூபில் ஏற்றிவிடுகிறோம். கோயிலில் கொடுப்பதற்கு மட்டும் பென்டிரைவை ஒரு அட்டைக்குள் வைத்து அச்சடிப்போம். முக்கால்வாசி வாத்தியத்தை நானே கீபோர்டில் வாசித்துவிடுவேன். தபலாவுக்கும் புல்லாங்குழலுக்கும்தான் ஆள் கூப்பிட வேண்டும். தபலாவுக்கு முகம்மது மைதீன். உங்களிடம் வந்து புகார் கொடுத்தவன். குழலுக்குக் காசிலிங்கம் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை. பேட்டையிலிருந்து பாபநாசம் வரைக்கும் அவரிடம் பாலிசி போடாத கடைக்காரர் குறைவு. சின்ன வயதிலேயே மூச்சிரைப்பு உண்டு. நெஞ்சுக்கு நல்லது, பலூன் ஊதுடா என்றாராம் டாக்டர். பலூன் வெடித்துக்கொண்டே இருக்கவும் ஆனித் தேரோட்டக் கடையில் ஒரு குழல் வாங்கினாராம். நிஜமோ பொய்யோ, அவர் சொல்லும்போது வயிறு வலிக்கச் சிரிப்போம். "வே, மூச்சு வாங்குதவன்கிட்ட வந்து குழல் கேக்கீரே, உமக்குக் கூறு இருக்கா?" என்று என்னையும் விடமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாங்கள் வேலை செய்கிற விதம் இதுதான். தாளத்தையும் சுருதியையும் ஓடவிடுவேன். "அண்ணாச்சி, தோணுதத வாசிங்க" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். அதில் நல்ல இடத்தை எடுத்துப் பல்லவி ஆக்குவேன். இன்னொரு துண்டை எடுத்து இடையிசைக்கு வைப்பேன். வெட்டுவேன், ஒட்டுவேன். அட்டையில் 'இசை: குமரகுருபரன்' என்று வரும். வாசித்தவர்கள் பெயரைப் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அப்படியானால் இசை யாருடையது என்று நீங்களும் கேட்டீர்கள், மைதீனும் கேட்டான். ஆற்றில் மணல் கிடக்கிறது. அள்ளிக்கொண்டு வந்து வீடு கட்டுகிறவன் தன் பெயரைத்தான் வாசலில் எழுதுவான். தாமிரபரணியின் பெயரை எழுதமாட்டான்.

போன வருஷம் முத்தாரம்மன் ஆல்பத்தில் ஒரு குழல் துண்டு ஊரெல்லாம் பரவியது. கல்யாண வீடியோக்களில் போட்டார்கள், போன் மணியாக வைத்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து ஒரு சினிமா கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "அந்தக் குழல் உங்க யோசனையா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த ஆல்பம் வந்ததும் கொண்டுவாருங்கள், பேசுவோம் என்றார். அடுத்தது பாபநாசம் கோயில் உலகம்மை பேரில் ஒரு ஆல்பம். அப்பாவிடம் சினிமா விஷயத்தைச் சொன்னேன். அவர் போய் ஒரு புது வேட்டி எடுத்துக்கொண்டு வந்தார். வெளியீட்டு அன்றைக்குக் கட்டிக்கொள்வதற்காம்.

மைதீன் ஓட்டைவாய். சென்னைப் பேச்சை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டான்.

"என்னவே, எங்குழல ஒம்ம யோசனைன்னு மெட்ராசுக்காரன்ட்ட சொன்னீராமே?" என்றார் அண்ணாச்சி, டீயைக் குடித்துக்கொண்டே.

"பேச்சுவாக்குல சொல்லிருப்பேன் அண்ணாச்சி."

"சொல்லிட்டுப் போரும். இத்தன நாள்ல நான் ஒண்ணு கேட்டிருக்கனா? இந்த உலகம்மை ஆல்பத்துல எம்பேரையும் சேத்துப் போடும். இசைன்னு போட்டு ரெண்டு பேரு. எம்மவ சித்ரலேகா, எங்கப்பா போட்டதுன்னு காலேஜுல சொல்லிருக்கா. அட்டையக் காட்டுன்னு கூட இருக்கவளுவ சிரிக்காளுவளாம். வீட்டுல வந்து அழுதா, பாத்துக்கிடும்."

"போட்டுருவோம்" என்றேன்.

"போடலைன்னா வெளியீட்டு அன்னைக்கு மைக்க வாங்கி நானே சொல்லிருவேன்வே. எனக்கென்ன கூச்சம், இன்சூரன்ஸ் விக்கிற வாயி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துச் சொல்கிறவர் செய்துவிடுவார். முன்வரிசையில் அப்பா புது வேட்டியோடு உட்கார்ந்திருப்பதையும், மேடையில் அண்ணாச்சி மைக்கை வாங்குவதையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்துபோனேன், மேடம். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசிப் பாட்டு ஒன்று பாக்கி இருந்தது. ஐப்பசி மாதம், மழை விடாமல் பெய்தது. அண்ணாச்சிக்கு ஆகாத மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னேன். ஆல்பம் நிறைவு செய்கிற நாளில் சாமி கும்பிட்டுச் சாம்பிராணி காட்டுவது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். அந்தப் புகை அண்ணாச்சிக்குச் சேராது என்பதால் எங்கள் ஸ்டுடியோவில் வாசலில் வெறும் சூடத்தோடு நிறுத்திக்கொள்வோம். அன்றைக்கு அம்மன் காரியத்தில் குறை வைக்க வேண்டாம் என்று சாம்பிராணி காட்டினேன். வாசிக்கிற அறைக்குள்தான் காட்டினேன். காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவைத்தேன். அந்த அறையில் சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம். கண்ணுக்குப் புகை தெரியாமல் போனாலும் அதெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அண்ணாச்சி உள்ளே போனதும் மூக்கைச் சுளித்தார். "சாம்பிராணி வாடை அடிக்கே?" என்றார். வாசலில் காட்டியது இங்கே வந்திருக்கும் என்றேன். நம்பினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

ஒரு தட்டு வைத்திருக்கிறோம். வாசிக்கப் போகிறவர்கள் சாவி, சில்லறை, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சின்னக் கிலுகிலுப்புகூட மைக்கில் விழுந்துவிடும். அண்ணாச்சியின் பம்புக்கு மட்டும் விலக்கு. மூச்சு முட்டினால் வாய்க்குள் அடித்துக்கொள்வது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அன்றைக்கு, "போன டேக்ல பம்பு சத்தம் விழுந்துட்டு அண்ணாச்சி, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் தட்டுல வச்சிருங்க" என்றேன். "டேக்குக்குக் கேடுன்னா வேண்டாம்வே" என்று அவரே எடுத்து வைத்தார். தட்டை என் மேசைமேல் வைத்துக்கொண்டேன். போன டேக்கில், அதாவது போன பதிவில், சத்தம் எதுவும் விழவில்லை.

அறையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அண்ணாச்சி அந்தப் பக்கம். அவர் அறைக்கதவு வெளிக்கூடத்தில் திறக்கும். கூடத்தில் மைதீன் தபலாவுக்குச் சுருதி சேர்த்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தான். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. நான் பதிவை ஆரம்பித்தால் எரியும், நிறுத்தினால் அணையும். எரியும்போது வீடு தீப்பிடித்தாலும் அந்தக் கதவை யாரும் தொடமாட்டார்கள். தொழிலுக்கு வருகிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

பாட்டின் பாதியில் அவருக்கு இருமல் வந்தது. அதை வாய்க்குள்ளேயே அமுக்கிக்கொண்டு அடுத்த வரியைச் சரியாகப் பிடித்துவிட்டார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நிறுத்தட்டுமா என்று புருவத்தைத் தூக்கினார். நான் கையைச் சுழற்றி, போகட்டும் என்று காட்டினேன். வாசித்தார். மூச்சு குறையக் குறைய ஸ்வரங்களைச் சின்னதாக்கிக்கொண்டே போனார். இருக்கிற கொஞ்ச மூச்சை எங்கே செலவழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு வாசிப்பை அவரிடமே நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் பொய்யில்லை.

பாட்டை முடித்துவிட்டுத்தான் குழலைக் கீழே வைத்தார். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவுக்குப் போனார். உள்பக்கக் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அந்தக் கைப்பிடி கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. அதன் திருகாணியை முந்தின நாள் நான் கழற்றினேன்.

"கதவத் தொறவே" என்று அவர் சொல்வது பதிவில் கேட்கிறது என்றீர்கள். கேட்கும். நல்ல மைக் அது. என் ஹெட்போனிலும் தெளிவாகக் கேட்டது. கதவைத் தட்டினார். அப்புறம் கண்ணாடிக்கு வந்தார். என் மேசைமேல் இருந்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் எழுந்திருக்கவில்லை. பதிவையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விளக்கு அணைந்துவிடும். விளக்கு அணைந்தால் மைதீன் கதவைத் திறந்துவிடுவான்.

அவர் அசைவது நின்ற பிறகு பம்பைக் கைக்குட்டையில் சுற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பதிவை நிறுத்திவிட்டு, கூடத்துக்கு ஓடிவந்து சத்தம் போட்டேன். மைதீன்தான் தூக்கினான். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிடிக்கும்போதே பம்பை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மூச்சிரைப்பு என்றார்கள். வீட்டாரும் அதையே நம்பினார்கள். என்றைக்காவது இப்படி ஆகும் என்று அவர்கள் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

ஆல்பம் பாபநாசத்தில் நல்லபடியாக வெளியானது. அப்பா முன்வரிசையில் இருந்தார். அட்டையில் அண்ணாச்சியின் படத்தைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அச்சடித்திருந்தேன். முதல் பிரதியைச் சித்ரலேகா கையில் கொடுத்தேன். அந்தப் பிள்ளை படத்தைத் தடவிக்கொண்டே, "அப்பாவ மறக்காமப் போட்டுட்டீங்களே சித்தப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பென்று மைதீன் சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

சென்னைக்கு அனுப்புவதற்காகத் தபலாவை மறுபடி வாசித்துத் தருகிறேன் என்று அவன் வந்தான். நான் டீ வாங்கப் போயிருந்தேன். குழலை மட்டும் தனியாகக் கேட்கலாம் என்று முழுப் பதிவையும் ஓடவிட்டிருக்கிறான். திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.

"தட்டுன சத்தம் எனக்கு அன்னைக்கே கேட்டுது" என்றான். "வெளக்கு எரியுதேன்னு இருந்துட்டேன். அல்லாவே, நான் பாட்டுக்கு இருந்துட்டேனே."

"நீ முறைப்படிதானே இருந்தே மைதீன்" என்று ஆறுதல் சொன்னேன். அவன் என்னை அப்படிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிறகு எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

ஏன் அந்தப் பதிவை அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். பாட்டு முடிகிற இடத்தில் வெட்டிவிட்டு மிச்சத்தை எறிந்திருந்தால் நான் இப்போது சென்னையில் இருப்பேன். ஆனால் ஆல்பம் செய்கிறவன் மூலப் பதிவில் கை வைக்கமாட்டான். அதுவும் அப்படிப்பட்ட குழல். நீங்கள் முழுவதையும் கேட்டீர்கள் அல்லவா? அந்தக் கடைசிச் சரணம் எப்படி இருந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, எழுதிய வாக்குமூலத்தைக் கொடுங்கள், வாசித்துப் பார்க்கிறேன்.

சாம்பிராணி சரி. தட்டு, பம்பு, திருகாணி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. மனமறிந்து திட்டமிட்டுக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரிதான். ஒரே ஒரு இடம், மேடம். 'காசிலிங்கம் போட்ட இசையை என்னுடையது என்று சொல்லிவந்ததை மறைப்பதற்காக' என்று இருக்கிறது. அது தவறு. அதை அடித்துவிட்டு, 'என்னுடைய இசையில் புல்லாங்குழல் வாசித்துவந்த காசிலிங்கத்தை' என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்றிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.