காற்று வரும் வழியில் ஒரு பேனர்

கல்லும் கம்பியும் சேர்ந்தால் கட்டடம் என்று நம்பியிருந்த எங்களுக்கு, அது மூச்சுவிடவும் வேண்டும் என்று உணர்த்திய உயர்ந்த உள்ளமே! வெயிலில் எங்களோடு நின்று, வேலையில் எங்களுக்கு முன் சென்ற வழிகாட்டியே! கடிந்துகொள்ளும்போதும் கனிவு குறையாத குணக்குன்றே! எங்கள் பல்கலைக்கழகக் கட்டடப் பொறியாளர் திருமதி ஹெலன் அம்மையீர்! அன்பு நிறைந்த வணக்கம்.

இன்று பணி ஓய்வு பெறும் தங்களின் முப்பதாண்டுப் பணியில் எதைப் பாராட்டுவது, எதை விடுவது என்று எங்களுக்கு ஒரே குழப்பம். குழப்பம் என்றதுமே புதிய வகுப்பறைக் கட்டடத்தின் திறப்பு விழாதான் எல்லோர் நினைவிலும் வந்து நின்றது. அதைக் கதையாகச் சொன்னால்தான் சரிப்படும். ஆகவே, சற்று நேரம் தங்களை ‘அவர்’ என்று சொல்ல இசைவு தர வேண்டுகிறோம்.

குளிர்சாதனம் இல்லாமலே கட்டடத்தைக் குளிரவைக்க அவர் ஆசைப்பட்டார். கடற்காற்று நுழையக் கிழக்கே துளைகள் விட்ட செங்கல் சுவர். வெப்பம் மேலேறி வெளியேற நடுவே உயரமான கூண்டு. மேற்கே தொழிற்பேட்டை, சில வேளை அங்கிருந்து நாற்றம் வரும் என்பதால் அந்தப் பக்கம் இறுக மூடும் சில சன்னல்கள் மட்டும். ஆட்சிக்குழுவில் பலருக்கு நம்பிக்கையில்லை. “திறப்பு விழாவில் நேரிலேயே பார்த்துவிடுவோம். காற்று வரவில்லையென்றால் துளைகளை அடைத்து ஏசி போடுவோம்” என்று பதிவாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

விழா நாளின் பிற்பகலில் பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை எழுந்தது. கூண்டுக்குப் போகவேண்டிய புகை, கூடத்தையே சுற்றிச் சுற்றி வந்து பதிவாளரின் மடியில் இறங்கியது. அவர் இருமினார். வரிசையே இருமியது.

“இன்னா மேடம், பொகை போவவே மாட்டேங்குது? உங்க காத்து இன்னிக்கி லீவா?” என்றார் மின்பணியாளர் குணா.

“சும்மா இரு கண்ணு. எனக்கே ஒண்ணும் புரியல.”

உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. போன வாரம் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தபோது புகை ஒழுங்காக மேலே போனதே! கணக்குத் தப்பா? கூண்டின் மேல்மூடியைப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே தோரணம்கூட அசையவில்லை. காலையிலிருந்து உள்ளேயே நின்றவர், கூடம் இருண்டிருப்பதை மேகமூட்டம் என்று நினைத்திருந்தார். மரத்தின் மேல் வெயில் அடிப்பதைப் பார்த்ததும் இன்னும் குழம்பிப்போனார். மூக்கைப் பொத்தியபடி பதிவாளர் ஏசிக்கு டெண்டர் விடுவதைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. நான்காண்டு உழைப்பு கண்முன்னே போய்க்கொண்டிருந்தது.

கிழக்குச் சுவருக்குப் போய் ஒரு துளைக்குள் கையை விட்டார். வழவழவென்று எதிலோ முட்டியது.

“மொஹசின்! வெளியில என்னத்தப்பா கட்டி வச்சிருக்க?”

இளநிலைப் பொறியாளர் மொஹசினின் முகம் மலர்ந்தது. “பேனர் மேடம்! மத்தியானம்தான் வந்துச்சு. சொவுரு ஃபுல்லா ஓட்டையா இருந்துச்சா, கயிறு கட்டறதுக்கு செம வசதியா போச்சு!”

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், சுவர் முழுவதும் துணைவேந்தர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பேனர்ல காத்துக்கு ஓட்டை போடுவாங்கல்ல, அது மாதிரி கன்னத்துல ரெண்டு வெட்டு வெட்டிடவா?” என்றார் குணா.

“யோவ், பேஜாரு பண்ணாத! அவரு வந்துகினே கீறாரு!” என்று அலறினார் மொஹசின்.

ஹெலன் அம்மையார் ஒரு கணம்தான் தயங்கினார். “இறக்குங்க. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பேனர் பாதி இறங்கும்போது துணைவேந்தரின் கார் வந்து நின்றது. தம் நெற்றி மடிந்து மூக்கின் மேல் விழுவதை அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

“என்னம்மா, நான் வர்ற நேரத்துல என்னை இறக்குறீங்க?”

“உள்ள காத்து வரணும் சார்.”

உள்ளே போனபோது புகை நேராக மேலேறிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் பதிவாளர். ஏசிப் பேச்சு அன்றோடு நின்றது.

அம்மையீர், எங்கள் குழப்பம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. மேற்குச் சன்னல்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று விதி கேட்டோம். “விதியெல்லாம் இல்ல. மோந்து பாத்துட்டுத் தொறங்க” என்றீர்கள். எங்கள் மூக்கை நம்பாமல், தினமும் தங்களையே அழைத்து வந்து நிறுத்தினோம்.

நாளை தாங்கள் காக்களூர் இல்லத்தில் இருப்பீர்கள். நாங்கள் அந்தச் சன்னலருகே நிற்போம். நல்ல காற்றும் நல்ல உறக்கமும் நலமான உடலும் பெற்று, கணவரோடும் மக்களோடும் பல்லாண்டு மகிழ்ந்திருக்க மனமார வாழ்த்துகிறோம். காலையில் தொலைபேசி ஒலித்தால் தயவுசெய்து எடுங்கள். மோந்து பார்த்துவிட்டு, பாதி மூடிய சன்னலைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவோம்.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
கட்டடப் பராமரிப்புப் பிரிவின் பணியாளர்கள்