பாதம் பார்த்துச் சொன்னவள்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. பத்தொன்பது வருஷம் முக்காலியில் குனிந்து உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்தவள் நான். முதுகு சாய இடம் கிடைத்தால் பேச்சு தானாக வருகிறது. உங்களுக்கு அவசரமில்லை என்றால் முதலிலிருந்தே சொல்கிறேன், ஐயா.

கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் நான். வருகிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்காரர்கள். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். செருப்புக்குள் ஆணி ஏறியிருப்பது தெரியாமல் கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்த ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு யாராவது தினமும் பாதத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் என் மூத்தாருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, பார்த்துச் சொன்னவள் நான்தான். அவருக்குக் கண்ணும் மங்கல், குனிந்தால் தொந்தி இடிக்கும்.

கீழ்வீடு அவருடையது, மாடி எங்களுடையது. அவருக்குக் கோழித்தீவன வியாபாரம். தெருப்பக்கம் கடை, பின்னறை முழுக்க மூட்டை. மூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கத்தான் செய்யும். ஆனால் தினமும் தீவனமே தின்று அலுத்துப்போன எலிகள் வாய்க்கு ருசியாக ஏதாவது தேடி மாடிக்கு வந்தன. சோப்பு, மெழுகுவர்த்தி, நான் துவைத்து அடுக்கிய கட்டுத்துணி, என் கணவரிடம் இருந்த ஒரே நல்ல சட்டையின் காலர், எதையும் விட்டுவைக்கவில்லை. பொறி வைத்தேன். ஒன்று மாட்டியது. மற்றவை அன்றிலிருந்து பொறியைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின.

மூத்தாரிடம் மூன்று தடவை சொன்னேன். சாக்கடை வாயில் ஒரு கம்பிவலை, மூட்டைக்கு அடியில் பலகை, பின்சுவர் ஓட்டைக்கு ஒரு சட்டி சிமென்ட். நான் கேட்டது அவ்வளவுதான்.

“ஏம்மா, எலியால எவனாவது செத்திருக்கானா?” என்று அவர் சிரித்தார். “என் தம்பியை அது தொடவே தொடாது. எலும்பைக் கடிச்சு அது பல்லை உடைச்சுக்குமா?”

என் கணவர் ஒல்லி. அவரும் சேர்ந்து சிரித்தார். வேறு வீடு பார்க்கலாம் என்று நான் நச்சரித்தபோது, “எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. நம்மகிட்ட எலி இருக்கு, வளை இருக்கு, தனிதான் இல்ல” என்றார். எதற்கும் இப்படி ஒரு பதில் வைத்திருப்பார். அவரோடு வாழ்ந்த வருஷங்களில் எனக்கு ஒரு நாளும் சலிப்புத் தட்டியதில்லை.

போன மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் பின்னறைக்குள் ஏறி மூட்டைகள் நனையத் தொடங்கியதும் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டார். என் கணவர் குதிகால் வெடிப்போடு, வெறுங்காலில், முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம் நின்று கழியால் குத்தினார். அடைப்பாக இருந்து வெளியே வந்தவை செத்த எலிகள். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்த ஆறாம் நாள் அவர் இல்லை. எலிக்காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள். எலி கடிக்கக்கூட வேண்டியதில்லையாம். அது சிறுநீர் கழித்த தண்ணீர் ஒரு வெடிப்பில் பட்டாலே போதுமாம்.

அதற்குப் பிறகும் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. மூத்தார் அழுதார், இல்லை என்று சொல்ல மாட்டேன். தம்பியின் செருப்பைத் தன் கட்டிலுக்கடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் ஓட்டையை அடைக்கவில்லை. ஏழு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே நான் படியேறி இறங்கினேன். வயிறு எரிந்தது, ஐயா. இதில் மறைக்க ஒன்றுமில்லை. எலியால் யாராவது சாவார்களா என்று கேட்டவருக்குப் பதில் தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தேன்.

எலியைக் கொல்ல நினைக்கிறவர்கள் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். புதிதாக எதைக் கண்டாலும் அது நம்பாது. மூன்று நாள் சுற்றிச் சுற்றி வரும், வாய் வைக்காது. ஒரு தடவை நம்பிவிட்டால் பிறகு நேரம் தவறாது. நடு அறைக்கு வராது, மீசை சுவரை உரசிக்கொண்டே இருக்க வேண்டும். மூத்தாரின் கட்டில் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். அந்த நேரத்தில் அவர் மனைவி, என் ஓர்ப்படி, கடையைப் பார்த்துக்கொள்வாள். எனக்கோ ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும்.

பின்னறை வாசலில், சுவரோரமாக, வெண்ணெய் தடவிய ரொட்டித்துண்டு ஒன்றை வைத்தேன். நான்காம் நாள் அது காணாமல் போனது. அடுத்த நாள் ஒரு சாண் தள்ளி வைத்தேன். பிறகு இன்னும் ஒரு சாண். கட்டிலை எட்ட மூன்று வாரம் ஆயிற்று. அவசரப்பட்டால் எலிக்குச் சந்தேகம் வந்துவிடும். கால்மாட்டில் ஒரு பழைய போர்வையைத் தரை வரை தொங்கவிட்டேன். அவர் குளிருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு நாள் நான் ரொட்டி வைக்கவில்லை.

“பாதம் வறண்டு போயிருக்கு அத்தான், புது மருந்து தடவுறேன்” என்றேன்.

“வாசனையா இருக்கே.”

“நல்ல மருந்து. தூங்குங்க.”

கதவருகே நின்றேன். இரண்டு வந்தன. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. பாவம், அவருக்குத் தெரிய வழியில்லை. நாலு மணிக்கு எழுந்து, “நல்ல தூக்கம்மா இன்னிக்கு” என்றார். நான் கட்டுப் போட்டேன். செருப்பு கடித்திருக்கிறது என்று சொன்னேன். நான் சொன்னால் அவருக்கு அது வேதம். “நீ இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்” என்று என் தலையைத் தொட்டார்.

இப்படிப் பதினோரு நாள். தினமும் மதியம் அவிழ்த்தேன், நாலரைக்குக் கட்டினேன். வாடை வந்ததும் ஓர்ப்படி கேட்டாள். மருந்து வாடை என்றேன். பன்னிரண்டாம் நாள் அவருக்கு நடுக்கம் வந்து பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்று நாள் இருந்தார், பிறகு போய்விட்டார்.

என்னை மாட்டிவிட்டது என் கைதான். அங்கே கட்டை அவிழ்த்த டாக்டரம்மா சின்னப் பெண். முதலில் கட்டைப் பார்த்து, “யார் கட்டினது, இவ்வளவு நேர்த்தியா?” என்று கேட்டாளாம். பிறகு உள்ளே இருந்ததைப் பார்த்தாள். ஜோடி ஜோடியாகப் பல் தடம். இவ்வளவு நேர்த்தியாகக் கட்டத் தெரிந்தவருக்கு உள்ளே இருப்பது தெரியாமல் போகாது என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பியது அவள்தானே. கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தால் யாரோ வீட்டு ஆள் கட்டியது என்று விட்டிருப்பாள். எனக்குக் கோணலாகக் கட்ட வராது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு முடிச்சுகூட நான் தளர விட்டதில்லை.

நான் வெறி பிடித்துச் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. அவர் வளர்த்த எலிகளை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கொன்றேன் என்றுதான் நீங்கள் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு உயிரைக் கவனிக்காமல் சாக விட்டால் என்ன ஆகும் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

ஓர்ப்படி உங்களிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள், அது இந்தத் தாளில் இருக்கிறது, நான் பார்த்தேன். என் கணவருக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் மூத்தார் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தார் என்கிறாள். உண்மைதான். மூச்சு வாங்க அத்தனை படியும் ஏறி வந்தார்.

“கண்ணெல்லாம் செவந்திருக்கும்மா, கெண்டைக்கால் வலின்னு துடிக்கிறான். பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம், கிளம்பு” என்றார்.

“சாதாரணக் காய்ச்சல்தான் அத்தான். எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கறேன், நீங்க போங்க” என்றேன்.

மறுநாளும் வந்தார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளும் நான் அதையே சொன்னேன், அவரும் என் பேச்சை நம்பி இறங்கிப் போனார். கூடப்பிறந்த அண்ணன் என்றால் நம்பியிருக்கக் கூடாது.