கதவு அக்காவுக்குச் சுவரில் ஓர் இடம்

அவையை ஆளும் அருமைத் தலைவர் அவர்களே! நம் ஹாக்கி மைதானத்தின் பெருமைச் சுவரில் யார் படம் ஏறலாம் என்று தீர்ப்பளிக்கும் தேர்வுக்குழுவினரே! விசில் ஒன்றால் எங்களை வேலை வாங்கிய நடுவர்களே! கிழிந்த காலுறையைத் தைத்துத் தைத்தே எங்களை ஆளாக்கிய தாய்மார்களே! என்னோடு மோதி, இன்று என்னோடு சிரிக்கும் தோழிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அந்தச் சுவரில் என் படம் இருக்கிறது. கோல் அடித்தவள் என்று போட்டிருக்கிறீர்கள். என்னைத் தடுத்தவர் படம் எங்கே? தேடினேன், இல்லை! எதிரணியில் தடுப்பாட்டம் ஆடிய அவரைக் கதவு அக்கா என்போம். வீட்டுக் கதவு தட்டினால் திறக்கும். இந்தக் கதவு, மட்டையால் தட்டினாலும் திறக்காது!

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசையில்? சத்தமாகச் சொல்லுங்கள். "ஒரு கோல்கூட அடிக்காதவங்களுக்கா?" அப்படித்தானே? குழுச் செயலாளரும் இதையேதான் கேட்டார். "ஆமாங்க, ஒண்ணும் அடிக்கல. நான் அடிக்க வேண்டியதை எல்லாம் தடுத்தாங்க. அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்!

கதவு அக்கா பாய்ந்து விழுந்து பந்தைப் பறிப்பவர் அல்லர். பக்கத்திலேயே ஓடி வருவார். பதறமாட்டார், பாதையை மட்டும் அடைப்பார். நாம் வெட்டி ஓடுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். நிமிர்ந்தால் எல்லைக்கோடு! பந்து அவர் மட்டையில்! கைதட்டல் யாருக்கு? யாருக்குமில்லை. நடக்காத கோலுக்கு யார் கைதட்டுவார்?

எங்கள் இரண்டு அணிகளும் மோதிய ஒரு கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். சமநிலை. முடியும் தறுவாய். நான் தள்ளிய பந்து, கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் அவர் காலை உரசிக்கொண்டு வெளியே போனது. அங்கே தடுப்பவர் காலில் பட்டால் எங்களுக்குப் பெனால்டி கார்னர், அதாவது கோலடிக்க ஒரு தனி வாய்ப்பு. நடுவர் பார்க்கவில்லை. எங்கள் அணியில் ஒருத்தியும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கதவு அக்கா கையைத் தூக்கினார்.

"சார், என் கால்ல பட்டுச்சு."

அவருடைய கோல்கீப்பர் கத்தினாள்: "அக்கா! உன்னை யாரு கேட்டா? பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"கத்தாத. கம்பத்தை ஒட்டி நில்லு. தடுத்துடலாம்."

தடுக்க ஓடிவந்தார். நான் அடித்தேன். கோல்! கோப்பை எங்களுக்கு. படம் எனக்கு. உடைமாற்றும் அறையில் அவரோடு ஒருவரும் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"நல்ல மனசு, சரி, நல்ல ஆட்டம் வேண்டாமா?" என்பீர்கள். கேளுங்கள்! அடுத்த ஆண்டு அக்காவின் அணி தலைவியைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. முதலில் வாய் திறந்தவள் அதே கோல்கீப்பர். "அவங்களோட சண்டை போடுவேன். ஆனா அவங்க முன்னாடி நின்னாத்தான் எனக்குக் கை நடுங்காது" என்றாளாம். தலைவியானார் அக்கா. அதே கோப்பை, அதே இரண்டு அணிகள். இந்த முறை என்னை வட்டத்துக்குள்ளேயே விடவில்லை! வலப்பக்கம் போனேன், கதவு. இடப்பக்கம் போனேன், கதவு. வென்றது அவர்கள் அணி. செய்தித்தாளில் வந்தது யார் படம்? கோல் அடித்தவர் படம்!

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். அவர் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடம். ஆவி முகத்தில் அடிக்கிறது. இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும்.

"அக்கா, பெருமைச் சுவருக்கு உங்க பேரைச் சொல்லப் போறேன்."

"சொல்லு, சொல்லு. முதல்ல இந்த முனையைப் பிடி."

படுக்கைவிரிப்பை இருவருமாக மடித்தோம். கேட்டேவிட்டேன்: "அன்னைக்குக் கையைத் தூக்கினதுக்கு எப்பவாவது வருத்தப்பட்டீங்களா?"

"அதுக்கு எதுக்கும்மா வருத்தம்? பட்டுச்சு, சொன்னேன். நீ இடப்பக்கம்தான் அடிப்பேன்னு தெரிஞ்சும் ஒரு நூல் பிந்திட்டேன் பாரு, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்!"

கேட்டீர்களா? கருணை கேட்கும் குரலா இது? பரிதாபப்பட்டுப் படம் மாட்டச் சொல்லவில்லை நான். ஆடியவரை ஆடியவர் என்று சொல்லுங்கள் என்கிறேன்! அடிப்பது மட்டும் ஆட்டமா? அடைப்பது ஆட்டமில்லையா? எனக்குப் பந்தடிக்கத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தை எப்போது அடிக்கவே முடியாது என்று எனக்குக் காட்டியவர் அவர் ஒருவர்தான். அவரைத் தாண்ட முயன்று முயன்றுதான் நான் ஆட்டக்காரியானேன். என்னைத் தகுதியானவள் என்கிறது உங்கள் குழு. என்னைவிடச் சிறந்தவர் அவர் என்கிறேன் நான்!

தலைவர் அவர்களே, முன்மொழிகிறேன். வாக்கெடுப்பை இப்போதே தொடங்குங்கள். இடம் போதவில்லை என்றால் என் படத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். நகர்ந்து கொடுக்க எனக்குச் சம்மதம். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்!